ஒளிப்பதிவுக் கலையில் ஒரு நங்கை

காவிரியின் கிளையாறுகளுள் ஒன்றாகிய அரசலாறு கடலொடு கலக்குமிடத்தில் அமைந்த ஊர் காரைக்கால். நாகப்பட்டினம், மயிலாடுதுறை முதலிய மாவட்டங்கள் மூன்று பக்கமும் சூழ, கிழக்கே கடல் அலைகொட்ட, புதுவை ஆட்சிப் பகுதியைச் சேர்ந்த தனி நிலமாக அது விளங்குகிறது. 1739 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த அவ்வூர், 1954 ஆம் ஆண்டு வரை அவர்தம் ஆட்சியில் இருந்தது. எனினும், காரைக்கால் என்றவுடன் தமிழர் நெஞ்சில் முதலில் தோன்றுவது அம்மையாரின் திருப்பெயரேயாகும். வணிகர் குலத்திற் பிறந்த புனிதவதியார், பெண்கள் இல்லத்தின் எல்லையைக் கடத்தல் அரிதாயிருந்த அக்காலத்தே, தமக்கென ஒரு நெறி கண்டு, அந்தாதியும் பதிகமும் பாடினார். அவர் பாடிய பதிக முறையைப் பின்வந்த தேவார ஆசிரியர்களும் கைக்கொண்டனர். முதலில் நடந்தவரின் அடிச்சுவடு பின்வருவோர்க்கு வழியாகும் என்பதற்கு அவ்வரலாறு ஒரு சான்று.

அம்மையாரின் கதை 1973 ஆம் ஆண்டில் திரைப்படமாகவும் வெளிவந்தது. ஏ. பி. நாகராசன் அதனை இயக்கினார், கே. பி. சுந்தராம்பாள் அம்மையாராக நடித்தார். அப்படத்தைக் கண்டோர் நடித்தவரை அறிவர், பாடியவரை அறிவர். ஆனால், அக்காட்சிகளைப் படச்சுருளில் ஏற்றிய கையும் கண்ணும் எவருடையவை என்று கேட்பார் மிகச் சிலரே. அரங்கில் இருள் சூழ்ந்தபின் திரையில் ஒளிரும் ஒவ்வோர் உருவமும் ஒளிப்பதிவாளர் என்னும் கலைஞரின் உழைப்பால் விளைவது. நெடுங்காலமாக ஆடவர்க்கே உரியது என்று கருதப்பட்ட அத்தொழிலில் நுழைந்து, உதவியாளராய்ப் பயின்று, தனித்து நின்று படம் பிடித்த தமிழகப் பெண்மணி பி. ஆர். விஜயலட்சுமி ஆவார். அவர் சென்ற வழியை அறிதல், ஒரு கலையைக் கற்கும் முறையையே அறிதலாகும்.

ஒளியின் இயல்பு

ஒளிப்பதிவு என்பது பொருளைப் பதிவதன்று; பொருளின்மீது படும் ஒளியைப் பதிவதேயாகும். இவ்வுண்மையைக் காரைக்கால் கடற்கரையிலேயே கண்டு தெளியலாம். அங்கே ஞாயிறு கடலிலிருந்து எழுகின்றது. விடியற்காலையில் ஒருவர் கடலுக்கு முதுகு காட்டி நின்றால், அவர் முகம் தெரியாது. கரிய நிழலுருவே தெரியும். அவரே கடலை நோக்கித் திரும்பி நின்றால், முகம் பொன்னெனச் சுடரும். ஆளும் இடமும் நேரமும் மாறவில்லை. ஒளி வரும் திசை ஒன்றே மாறியது. அதனால் உருவம் முழுவதும் வேறாயிற்று.

நண்பகலில் நிலை இன்னும் வேறு. கதிரவன் உச்சியில் நிற்கும்பொழுது, புருவத்தின் நிழல் கண்களில் விழும். மூக்கின் நிழல் உதட்டில் விழும். அழகிய முகமும் அப்போது குழி விழுந்ததுபோலத் தோன்றும். ஆதலின், வெள்ளித்தாள் ஒட்டிய பலகைகளை ஏந்தி, கீழிருந்து ஒளியைத் திருப்பி முகத்தில் வீசச் செய்வர். மாலையில் கதிரவன் மேற்கே நெல்வயல்களுக்கு அப்பால் மறைந்த பின்னும், வானம் சிறிது நேரம் மெல்லொளி தந்துகொண்டிருக்கும். நிழலே விழாத அந்த ஒளி சில நிமிடங்களே நிலைக்கும். அந்தச் சில நிமிடங்களுக்காகக் காலை முதல் காத்திருத்தலும் ஒளிப்பதிவாளரின் பணியே.

ஒளியின் திசையை அறிந்தாற் போதாது. அளவையும் அறிதல் வேண்டும். காமிராவின் லென்சில் ஒரு துளை உண்டு. அதனை விரிக்கலாம், சுருக்கலாம். அதன்மேல் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். ஓர் எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குச் சென்றால், உட்புகும் ஒளி பாதியாகக் குறையும். துளை மிக விரிந்தால் படம் வெளிறிப் போகும்; மிகச் சுருங்கினால் இருண்டு போகும். ஒளிமானியைக் கையிற் கொண்டு அளந்து, இவ்விரண்டிற்கும் நடுவே தக்க அளவைத் தேர்தல் வேண்டும். கணக்கும் கலையும் ஒருங்கே அமைந்த தொழில் இது.

கலை வந்த வரலாறு

1895 ஆம் ஆண்டு டிசம்பர் 28 ஆம் நாள், பாரிசு நகரில் லூமியேர் உடன்பிறப்பினர் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்கு அசையும் படங்களைக் காட்டினர். பத்தாண்டுகள் கழித்து, 1905 ஆம் ஆண்டில், திருச்சியில் புகைவண்டி அலுவலகத்தில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், துப்போன் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியையும் படங்களையும் விலைக்கு வாங்கினார். கூடாரம் அடித்து ஊர் ஊராகச் சென்று அவர் மக்களுக்குப் படம் காட்டினார். அடுத்த பத்தாண்டில், சென்னையில் நடராச முதலியார் மௌனப் படம் எடுக்க விரும்பினார். காமிராவை இயக்கக் கற்பிப்பார் இங்கே இல்லை. எனவே, அவர் புனா நகரிலிருந்த ஆங்கிலேய ஒளிப்பதிவாளர் ஒருவரிடம் பயின்று வந்தே, கீசக வதத்தைப் படமாக்கினார். தமிழகத்தில் இக்கலை, தொடக்கத்திலேயே, அறிந்தவர் அருகிலிருந்து கற்கும் கலையாகவே வேரூன்றியது.

பெண்கள் திரையில் தோன்றவும் பாடவும் தடை குறைந்த பின்னரும், காமிராவின் பக்கம் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. திருவையாற்றிற் பிறந்த டி. பி. இராசலட்சுமி 1936 ஆம் ஆண்டிலேயே ‘மிஸ் கமலா’ என்னும் படத்தைத் தாமே இயக்கினார். தமிழ்ப் படவுலகின் முதல் பெண் இயக்குநர் என அவர் போற்றப்படுகிறார். இயக்குநர் இருக்கையில் ஒரு பெண் அமர்ந்த பின்னும், ஒளிப்பதிவுத் துறையில் ஒரு பெண் தனிப் பொறுப்பேற்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் செல்லவேண்டியிருந்தது. காமிரா பாரம் மிக்கது என்றனர். இரவும் பகலும் வெளியூர்களில் தங்கவேண்டும் என்றனர். விளக்குகளைத் தூக்கும் பணியாளர் பலரை ஏவி வேலை வாங்கவேண்டும், அவர்கள் ஒரு பெண்ணின் சொல்லைக் கேட்பரோ என்றும் ஐயுற்றனர். வயலில் நாற்றுக்கட்டும் கரையில் மீன்கூடையும் சுமக்கும் பெண்களைக் கண்ட நாட்டில், பாரம் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது வியப்பே. உண்மையான தடை பாரத்தில் இல்லை, வழக்கத்தில் இருந்தது.

வீடும் வாயிலும்

விஜயலட்சுமியின் தந்தையார் பி. ஆர். பந்துலு. பத்மினி பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தின் வாயிலாக ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ (1959), ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961), ‘கர்ணன்’ (1964) முதலிய பெரும்படங்களை உருவாக்கியவர் அவர். ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) என்னும் படத்தை இயக்கியவரும் அவரே. தமிழிலும் கன்னடத்திலும் புகழ்பெற்ற அப்பெருமகனார் 1974 ஆம் ஆண்டில் மறைந்தார்.

படவுலகம் அறிந்த குடும்பத்திற் பிறந்தமை விஜயலட்சுமிக்கு ஒரு துணையே என்பதை மறுத்தல் ஆகாது. படப்பிடிப்புத் தளம் அவருக்கு அயலிடமன்று. ஆனால், வாயிலைத் திறந்து விடுவது வேறு. உள்ளே சென்று உழைப்பது வேறு. தந்தையின் பெயர் ஒளிமானியைப் படித்துச் சொல்லாது. குவியம் தவறினால் திருத்தித் தராது. படச்சுருளில் பிழை நேர்ந்தால், அது எவர் மகள் செய்த பிழை என்று திரை பார்ப்பதில்லை. ஆதலின், அவர் கலையை அடியிலிருந்தே கற்க வேண்டியவரானார்.

ஆசிரியரும் மாணவியரும்

அந்நாளில் ஒளிப்பதிவில் புதுநெறி கண்டவருள் ஒருவர் அசோக்குமார். 1941 ஆம் ஆண்டில் அலகாபாத்தில் பிறந்து, தென்னாட்டில் வந்து தங்கிப் பணியாற்றியவர் அவர். இயக்குநர் மகேந்திரனின் ‘உதிரிப்பூக்கள்’ (1979) படத்தைப் பதிவு செய்தவர் அவரே. அவ்வியக்குநரின் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ (1980) என்னும் படத்திற்காக அவருக்கு ஒளிப்பதிவுக்குரிய தேசிய விருது கிடைத்தது. இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமாகிய ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ (1984) என்னும் மலையாளப் படத்தையும் அவரே ஒளிப்பதிவு செய்தார். முகங்களில் விளக்குகளை அள்ளிக் கொட்டும் பழைய முறையை விடுத்து, சாளரத்தின் வழியே வரும் ஒளி, மரநிழலில் சிதறும் ஒளி ஆகியவற்றின் இயல்பைத் திரையிற் கொணர்ந்தவர் அவர்.

அசோக்குமாரிடம் பயின்ற பெண்கள் இருவர் பெயர் குறிப்பிடத்தக்கது. ஒருவர் சுகாசினி. சென்னைத் திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்று, அசோக்குமாரின் உதவியாளராய்ப் பணியாற்றிக்கொண்டிருந்தவரை, ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’ படத்தின் நாயகியாக மகேந்திரன் தேர்ந்தெடுத்தார். காமிராவின் பின்னே நின்றவர் அதன் முன்னே வந்து, மாநில அரசின் சிறந்த நடிகைக்கான விருதையும் பெற்றார். மற்றொருவர் விஜயலட்சுமி. அவர் காமிராவின் பின்னேயே நின்றார். ஒளிப்பதிவுக் கல்லூரியிற் பயின்று வந்தவரல்லர் அவர். படப்பிடிப்புத் தளமே அவருக்குப் பள்ளியாயிற்று.

பயிற்சியின் படிகள்

படச்சுருள் வழங்கிய அக்காலத்தில் ஒளிப்பதிவு உதவியாளரின் பணி எத்தகையது என்பதை இக்காலத்தார் அறிதல் நன்று. ஒரு நொடிக்கு 24 படங்கள் வீதம் காமிராவினுள் சுருள் ஓடும். ஓர் அடி நீளச் சுருளில் 16 படங்கள் அடங்கும். எனவே, ஒரு நிமிடத்திற்கு 90 அடி சுருள் செலவாகும். 400 அடிச் சுருள் நாலரை நிமிடங்களுக்குள் தீர்ந்துவிடும். 1000 அடிச் சுருளும் 11 நிமிடங்களுக்கே போதும். தீர்ந்தவுடன் புதிய சுருளை இடுதல் வேண்டும். அப்பணியை வெளிச்சத்திற் செய்தல் இயலாது. ஒளி புகாத கறுப்புப் பையினுள் இரு கைகளையும் நுழைத்து, கண்ணின் துணையின்றி விரல்களின் உணர்வைக்கொண்டே, படமெடுத்த சுருளை எடுத்துப் பெட்டியில் மூடி, புதியதைப் பொருத்தல் வேண்டும். இமைப்பொழுது ஒளி உட்புகுந்தாலும், நடிகர் பலர் நாள் முழுதும் உழைத்த உழைப்பு வீணாகும். ஒளியை ஆளக் கற்க வந்தவர், முதலில் இருளிற் பணிசெய்யக் கற்கவேண்டியிருந்தது!

அடுத்த படி குவியம் பார்த்தல். நடிகர் நிற்கும் இடத்திற்கும் லென்சுக்கும் உள்ள தொலைவை நாடாவால் அளந்து, தரையிற் குறியிட்டு, அதற்கேற்ப லென்சின் வளையத்தைத் திருப்பி வைப்பர். நடிகர் நடந்து வந்தால், அவர் அடியெடுத்து வைக்கும் அளவுக்கு வளையமும் திரும்புதல் வேண்டும். துளை அகன்றிருக்கும்போது, கண்கள் தெளிவாகவும் காதுகள் மங்கலாகவும் தோன்றும் அளவுக்குத் தெளிவின் எல்லை குறுகிவிடும். நடிகர் அரையடி தவறி நின்றாலும், அதனை உதவியாளர் உடனே உணர்ந்து திருத்துதல் வேண்டும். குவியம் சரியாக அமைந்தால் அதனை எவரும் கவனியார். தவறினால் கவனியாதார் எவருமிலர். புகழ் இல்லாத இடத்தில் பிழையின்றிப் பணிசெய்யும் பண்பை இப்படி கற்பித்தது.

படமெடுத்தவுடன் பார்க்கும் வசதியும் அக்காலத்தில் இல்லை. சுருள் ஆய்வுக்கூடத்திற்குச் சென்று, கழுவப்பெற்று, படியெடுக்கப்பட்ட பின்னரே காட்சி எவ்வாறு அமைந்தது என்பது தெரியவரும். அதுவரை ஒளிப்பதிவாளரின் மனக்கண்ணே திரை. ‘இவ்வளவு ஒளிக்கு இத்துளை, இம்முகத்திற்கு இந்நிழல்’ என்று உறுதி கொண்டு சொல்ல, பல நாள் பார்த்தும் அளந்தும் பிழைத்தும் பெற்ற தேர்ச்சி வேண்டும். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழி இத்தொழிலுக்கு மிகப் பொருந்தும். சுருள் மாற்றுவார் குவியம் பார்ப்பவராகவும், குவியம் பார்த்தவர் காமிராவை இயக்குபவராகவும், இயக்கியவர் முடிவில் ஒளிப்பதிவாளராகவும் உயர்வர். இப்பயிற்சி நெறியே அசோக்குமாரிடம் உதவியாளராயிருந்த விஜயலட்சுமியை உருவாக்கியது.

தனிப் பொறுப்பு

1985 ஆம் ஆண்டில் கே. பாக்கியராசு தாம் இயக்கி நடித்த ‘சின்ன வீடு’ என்னும் படத்தின் ஒளிப்பதிவை விஜயலட்சுமியிடம் ஒப்படைத்தார். இளையராசா இசையமைத்த அப்படம், வளர்ந்து வந்த ஓர் உதவியாளருக்குத் தரும் சிறு முயற்சிப் படமன்று. மக்கள் பெரிதும் எதிர்நோக்கிய ஒரு நடிகரின் வணிகப் படம். அதில் தவறு நேர்ந்தால் பொருளிழப்பு மட்டுமன்று. ‘பெண்ணுக்கு இத்தொழில் ஆகாது’ என்று முன்னமே எண்ணியிருந்தோர்க்கு அது சான்றாகவும் போய்விடும். முதலில் செல்பவர் சுமக்கும் பெருஞ்சுமை இதுவே. ஓர் ஆடவர் தவறினால், தவறியவர் அவர் ஒருவரே. முதற்பெண் தவறினாலோ, பெண்ணினமே தவறியதாகக் கூறுவர். காமிராவின் பாரத்தினும் இப்பாரம் பெரிது.

அப்படத்தின் வாயிலாக, ஆசியாவின் முதற்பெண் ஒளிப்பதிவாளர் என்னும் பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. ஒரு படத்தோடு அவர் பணி நின்றுவிடவில்லை. அதன்பின் அவர் ஒளிப்பதிவு செய்த படங்கள் இருபதுக்கும் மேற்பட்டன. முதற்படம் வாய்ப்பால் வரலாம். இருபது படங்கள் திறமையாலன்றி வாரா. பின்னர், 1995 ஆம் ஆண்டில், எஸ். பி. பாலசுப்பிரமணியம் நடித்த ‘பாட்டு பாடவா’ என்னும் படத்தை அவர் இயக்கினார். அவ்வாண்டிலேயே, அவரைப் போன்று அசோக்குமாரிடம் பயின்ற சுகாசினி இயக்கிய ‘இந்திரா’ என்னும் படமும் வெளிவந்தமை நினைக்கத்தக்கது. ஓர் ஆசிரியரிடம் பயின்ற இரு பெண்டிர், வெவ்வேறு வழிகளிற் சென்று, ஒரே ஆண்டில் இயக்குநராய் நின்றனர். விஜயலட்சுமி 2018 ஆம் ஆண்டில் ‘அபியும் அனுவும்’ என்னும் படத்தையும் இயக்கினார். அசோக்குமார் 2014 ஆம் ஆண்டில் மறைந்தார்.

வழி அகலுதல்

ஒருவர் நடந்தவுடனே ஒற்றையடிப் பாதை நெடுஞ்சாலை ஆகிவிடாது. ‘சின்ன வீடு’ வெளிவந்த பின்னும், பல்லாண்டுகள் தென்னாட்டுப் படத்தளங்களில் பெண் ஒளிப்பதிவாளர் அரியராகவே இருந்தனர். 2002 ஆம் ஆண்டில் நடிகை ரேவதி இயக்கிய ‘மித்ர் மை பிரண்ட்’ என்னும் ஆங்கிலப் படத்தைப் பௌசியா பாத்திமா ஒளிப்பதிவு செய்தார். அப்படத்தின் தொழில்நுட்பக் கலைஞர் யாவரும் பெண்களே. 2008 ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அபியும் நானும்’ என்னும் தமிழ்ப் படத்தைப் பிரீதா செயராமன் பதிவு செய்தார். 2022 ஆம் ஆண்டில் ‘சாணிக் காயிதம்’ படத்தின் ஒளிப்பதிவாளராக யாமினி யக்ஞமூர்த்தி விளங்கினார். இந்திய அளவில், 2009 ஆம் ஆண்டுக்குரிய ஒளிப்பதிவுத் தேசிய விருதை ‘குட்டி ஸ்ராங்க்’ என்னும் மலையாளப் படத்திற்காக அஞ்சுலி சுக்லா பெற்றார். அவ்விருதைப் பெற்ற முதற்பெண் அவரே. 2017 ஆம் ஆண்டில் இந்தியப் பெண் ஒளிப்பதிவாளர்கள் கூட்டமைப்பும் தொடங்கப்பட்டது. தனித்து நின்றவர்கள் ஒருவருக்கொருவர் துணையாக நிற்கும் காலம் வந்தது.

பிற நாடுகளின் நிலையும் இதனினும் மேம்பட்டதன்று. 1929 ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவில் வழங்கப்பட்டு வரும் ஆஸ்கார் விருதுகளில், ஒளிப்பதிவுக்கென ஒரு பெண்ணின் பெயர் முதன்முதலாகப் பரிந்துரைக்கப்பட்டது 2018 ஆம் ஆண்டிலேதான். ‘மட்பவுண்ட்’ என்னும் படத்தைப் பதிவு செய்த ரேச்சல் மாரிசன் என்பவரே அப்பெருமையைப் பெற்றவர். அதற்கு முப்பத்து மூன்று ஆண்டுகள் முன்னரே, கோடம்பாக்கத்தில் ஒரு தமிழ்ப் படத்தின் ஒளிப்பதிவுப் பொறுப்பை ஒரு பெண் ஏற்றிருந்தார் என்பது தமிழர் மகிழ்தற்குரிய செய்தியாகும்.

கற்கத் தக்கவை

இன்று படச்சுருள் பெரும்பாலும் வழக்கொழிந்தது. மின்னணுக் காமிரா எடுத்த காட்சியை அக்கணமே காட்டுகிறது. கறுப்புப் பையும் ஆய்வுக்கூடக் காத்திருப்பும் பழங்கதையாயின. பள்ளிச் சிறாரின் கையிலுள்ள தொலைபேசியும் படம் பிடிக்கின்றது. எனினும், கருவி எளிதானமையால் கலை எளிதாகிவிடவில்லை. கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர் முகம் இன்றும் இருண்டே தோன்றும். உச்சிவெயில் இன்றும் கண்களில் நிழலை வீழ்த்தும். ஒளி எங்கிருந்து வருகிறது, எங்கே விழுகிறது, எதனை மறைக்கிறது என்று பார்க்கப் பழகிய கண்ணே படத்தைப் படைக்கும். அப்பழக்கத்தை எக்கருவியும் விலைக்குத் தாராது.

விஜயலட்சுமியின் வரலாற்றில் விளங்கும் உண்மைகள் மூன்று. கலை எவருக்கும் பிறப்புரிமையன்று. பயில்வார்க்கே அது உரியது. வழக்கம் என்னும் பெயரால் மூடப்பட்ட வாயிலை, வாதத்தினும் வினையே விரைந்து திறக்கும். முதலில் நுழைந்தவர் நிலைத்து நின்று பணிசெய்தாலன்றி, பின்வருவோர்க்கு அவ்வாயில் மீண்டும் மூடப்படும். இம்மூன்றையும் உளங்கொண்டு, தமக்கு இயன்ற கலையைப் பிழையின்றிக் கற்க முற்படும் பெண்மக்களுக்கும் ஆண்மக்களுக்கும், விஜயலட்சுமி நடந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது.